மெக்கானிக்கல் வால்வு: பத்து வருடத்துக்கு மேல் ஆன அனுபவம்

இதயத்தில் இருந்த மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெக்கானிக்கல் வால்வு வைத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வால்வைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமே இல்லை. கார்பனால் ஆன அந்த இரண்டு இதழ்களும் ஒவ்வொரு எக்கோவிலும் (இதய ஸ்கேன்) சீராகத் திறந்து மூடுகின்றன. முன்பு பாதி மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். இப்போது பையைத் தூக்கிக்கொண்டே ஏறுகிறேன். நெஞ்சுக்குள் கேட்கும் டிக் டிக் சத்தம், குறிப்பாக இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது, ஆரம்பத்தில் தூக்கத்தைக் கெடுத்தது. காது பழகிவிட்டது.

உண்மையான வேலை ரத்தத்தில்தான். வால்வில் ரத்தம் உறைந்தால் இதழ் சிக்கிக்கொள்ளலாம். அந்த ரத்தக்கட்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின், அதாவது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்தான் ஐஎன்ஆர்; மைட்ரல் இடத்துக்கு அது பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். கீரையே தொடாதே என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்வார்கள். அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும், ஆனால் அது வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளே போனால் போதும், மாத்திரையை அதற்கேற்ப வைத்துவிடுவார்கள்.

கீரையைவிட மற்ற மருந்துகள்தான் எனக்குப் பயம். ஒருமுறை வயிற்றுக் கோளாறுக்கு மெட்ரோனிடசோல் எழுதிக்கொடுத்தார்கள். சில நாட்களில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை, முழங்கையில் லேசாக இடித்த இடம் ஊதாவாகக் கன்றிப்போனது. ஐஎன்ஆர் பார்த்தால் 5-ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரினைச் சில வேளை நிறுத்திச் சரிசெய்தார்கள். அப்புறம் எந்தப் புது மாத்திரை என்றாலும், தொடங்கிய சில நாட்களில் ஒரு ஐஎன்ஆர் பார்த்துவிடுகிறேன். வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே போவதில்லை.

ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகளுக்கு மாறக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். மெக்கானிக்கல் வால்வுக்கு மாறவே கூடாது. அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை மெக்கானிக்கல் வால்வு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் இரண்டுமே அதிகமானதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவுகள் 2013-இல் வெளிவந்தன.

விலங்குத் திசுவால் செய்த திசு வால்வு வைத்துக்கொண்டவர்களில் பலருக்கு முதல் சில மாதங்களுக்குப் பிறகு வார்ஃபரின் வேண்டியிருக்காது. அது பெரிய நிம்மதிதான். ஆனால் அந்த வால்வு பெரும்பாலும் 10 முதல் 15 வருடத்தில் பழுதாகும், இளவயதில் இன்னும் சீக்கிரம். குழந்தை பெற விரும்பும் பெண்கள் வால்வைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்.

எந்த வால்வாக இருந்தாலும் பல்லை அலட்சியம் செய்யாதீர்கள். வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்கும் முன், ஈறைச் சுத்தம் செய்யும் முன் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் விடாமல் அடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள். மருந்து முந்திக்கொண்டால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.