செக்‌ஷன் 8 வவுச்சர்: ஆறு வருஷமாக இதோடு அலைகிறவளின் ரிவ்யூ

போன மாதம் கலிபோர்னியாவில் பிரீமான்ட் பக்கம் ஒரு பிறந்தநாள் விருந்து. கையில் தட்டோடு ஒருவர் வந்து, "நீங்க அந்த ஹவுசிங் வேலைதானே பார்க்கறீங்க? எங்க பின்பக்க வீடு காலியாகுது, செக்‌ஷன் எட்டுல ஆள் வந்தா கொடுக்கலாமா, இல்ல தலைவலியா?" என்று கேட்டார். செக்‌ஷன் எட்டு என்பது வருமானம் குறைந்தவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் வாடகை உதவி. கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய இந்த பே ஏரியாவில் வாடகைக்கு விட ஒரு வீடாவது வைத்திருக்கும் நம்மாட்கள் நிறைய என்பதால் மீதியை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தெருவிலும் வேனிலும் ஷெல்டரிலும் இருப்பவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்து, பிடித்த வீடு கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அட்டையில் ஹவுசிங் கேஸ் மேனேஜர் என்று இருக்கும். மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு அரை மணி நேரம் விளக்கினேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு "அப்ப வீட்டு புரோக்கரா? கமிஷன் உண்டாடி?" என்றாள். கமிஷன் கிடையாது, ஆனால் வாரத்தில் இரண்டு நாள் அதே வேலைதான், மற்ற மூன்று நாள் யாராவது ஒருவரின் பிறப்புச் சான்றிதழுக்காக ஏதோ ஓர் ஊர் ஆபீஸுக்குப் போன் போட்டுவிட்டு ஹோல்டில் காத்திருப்பது.

சரி, வவுச்சர். ரேஷன் அட்டை மாதிரி கையில் வைத்துக்கொள்ளும் பொருள் என்று நினைக்க வேண்டாம், சில பக்கக் காகிதம், அவ்வளவுதான். 1974ல் வந்த சட்டத்தில் இருந்து வளர்ந்த திட்டம், மத்திய அரசின் பணம், ஹவுசிங் அத்தாரிட்டி என்ற உள்ளூர் வீட்டு வசதி அமைப்பு நடத்துகிறது. குடியிருப்பவர் தன் வருமானத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கட்டுவார், மிச்சத்தை அத்தாரிட்டி நேராக வீட்டு ஓனருக்கு அனுப்பிவிடும். ஊனத்துக்காக எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவித்தொகை வாங்கும் ஒருவருக்கு கலிபோர்னியாவில் 2025ல் மாதம் 1,200 டாலர் சொச்சம் வந்தது. அவர் பங்கு 360 டாலர் வாக்கில் இருக்கும். ஒற்றை பெட்ரூமுக்கு 2,700 வாடகை என்று வைத்துக்கொண்டால் மீதி 2,340ம் அரசாங்கத்திடமிருந்து. ஐடி கம்பெனியில் இருக்கும் வாடகைதாரருக்கு வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே குடியிருப்பவரின் வருமானம் குறைந்தால் அவர் பங்கு குறைந்து அத்தாரிட்டியின் பங்கு கூடும். விருந்தில் அவரிடம் நான் முதலில் சொன்னதும் இதைத்தான், அவர் நம்பவில்லை.

இனி குறைகள்.

இது கடையில் கிடைக்கும் பொருளாக இருந்தால் பாதிக்கு மேல் ரிவ்யூக்கள் 'ஆர்டர் செய்தேன், வரவே இல்லை' என்றுதான் இருக்கும். தகுதி உள்ள குடும்பங்களில் நாலில் ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் வாடகை உதவி ஏதாவது ஒரு வகையில் கிடைக்கிறது. ரேஷன் அட்டைக்குத் தகுதி இருந்தால் அட்டை வரும். இதற்குத் தகுதி இருந்தால் வரிசையில் பெயர் வரும், அதுவும் வரிசை திறந்திருந்தால்தான். வீடில்லாதவர்களுக்கு என்று தனியாக ஒதுக்கிய வவுச்சர்கள் இருக்கின்றன. என்னிடம் வருபவை பெரும்பாலும் அவைதான், அதனால் என் ஆட்கள் ஒரு கணக்கில் அதிர்ஷ்டசாலிகள்.

கைக்கு வந்தபின்தான் கூத்து. வீடு தேட முதலில் கொடுப்பது குறைந்தபட்சம் 60 நாள், அதற்கு மேல் நீட்டிப்பது அத்தாரிட்டியின் இஷ்டம். தெருவில் இருக்கும் ஒருவருக்கு 60 நாள் எப்படிப் போகும் தெரியுமா? போனில் சார்ஜ் இருக்காது. இருந்தால், வீடு பார்க்க வரச்சொன்ன நேரத்தில் கூடாரத்தை விட்டு வர முடியாது, வந்தால் திரும்பிப் போகும்போது கூடாரம் இருக்காது. நகராட்சிக்காரர்கள் இடத்தைக் காலி செய்யும்போது பையோடு ஐடி என்ற அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண் அட்டை எல்லாம் குப்பை லாரியில் போய்விடும். கலிபோர்னியாவில் வீடில்லாதவர்களுக்கு ஐடி அட்டை இலவசம், இங்கே பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழும் இலவசம், நல்ல ஏற்பாடு. ஆனால் என் ஆள் ஒருவர் வேறு மாநிலத்தில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழ் வேண்டுமானால் போட்டோ ஐடி அனுப்பு என்றார்கள் அங்கே. ஐடி வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள் இங்கே. கோழியா முட்டையா என்று ஏழு வாரம் ஓடியது. நல்லவேளை, வவுச்சர் கைக்கு வருவதற்கு முன்பே இதை ஆரம்பித்திருந்தோம்.

காகிதமெல்லாம் சரியாகி வீடு தேடக் கிளம்பினால் ஓனர்கள். 2020 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் 'செக்‌ஷன் 8 வேண்டாம்' என்று சொல்வது சட்டவிரோதம், விளம்பரத்தில் போடவும் கூடாது. அதனால் யாரும் சொல்வதில்லை. போனில் நன்றாகப் பேசுவார்கள், வவுச்சர் என்ற சொல் வந்ததும் "இப்பத்தான் ஒருத்தர் அப்ளை பண்ணிட்டுப் போனார்" என்பார்கள். சென்னையில் பேச்சலராக வீடு தேடியவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. 'ஃபேமிலிக்கு மட்டும்', 'சைவம் மட்டும்' என்று கேட் பலகையில் எழுதியிருந்ததை நினைத்து இன்றும் பொருமுகிற ஒருவரே, போன வருஷம் என்னிடம் "அந்த மாதிரி ஆளுங்களுக்கு எப்படிம்மா கொடுக்கறது" என்றார். நான் பதில் சொல்லவில்லை, அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஓனர்களுக்குத் தெரியாத இன்னும் இரண்டு விஷயம். 'வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் காட்டு' என்று கேட்கலாம், ஆனால் வவுச்சர்காரரிடம் அவருடைய பங்கை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், 2,700க்கு அல்ல, 360க்கு. அடுத்தது, 2024 முதல், வாடகை உதவி வாங்குபவரின் கிரெடிட் ஸ்கோரை மட்டும் பார்த்து மறுக்க முடியாது, கட்டும் திறன் இருக்கிறது என்று வேறு வழியில் காட்ட வாய்ப்புத் தர வேண்டும். இதையெல்லாம் நான் போனில் வக்கீல் மாதிரிச் சொன்னால் அந்த வீடு கிடைக்காது, அடுத்த வீடும் கிடைக்காது. அதனால் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டேன், அது ஒரு தனித் திறமை, ரெஸ்யூமில் போட முடியவில்லை.

இத்தனையும் தாண்டி வீடு பிடித்து ஒப்பந்தம் போடுபவர்கள், நாடு முழுக்க எடுத்த கணக்கில், வவுச்சர் கிடைத்த பத்துப் பேரில் சுமார் ஆறு பேர்தான். மீதி நாலு பேரின் காகிதம் காலாவதியாகித் திரும்பிப் போய்விடுகிறது. ஒரு பொருளாக இதற்கு நான் நட்சத்திரம் வெட்டுவது இங்கேதான்.

ஓனருக்கு இருக்கும் நியாயமான புகார்களையும் சொல்லிவிடுகிறேன், புரோக்கர் என்றால் மறைக்கக் கூடாது. குடிவருவதற்கு முன் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. ஸ்மோக் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், வெந்நீர், ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாம் பார்ப்பார்கள், ஒன்று தவறினாலும் திரும்ப வருவார்கள், திரும்ப வர நாளாகும், அதுவரை வீடு காலியாகக் கிடக்கும். ஒரு முறை ஒரே ஒரு தாழ்ப்பாளுக்காகப் பதினேழு நாள் போனது. முதல் செக் உடனே வராது. எனக்குத் தெரிந்த ஓர் ஓனருக்கு இரண்டு மாத வாடகை சேர்ந்து வந்தது, அதுவரை தினமும் என்னைத்தான் கூப்பிட்டார், அந்த ஆபீஸில் யாரும் போன் எடுக்கவில்லை என்று. அவர் சொன்னது உண்மை, எனக்கும் எடுக்கவில்லை. வீட்டுக்குச் சேதம் வந்தால் வவுச்சர் காப்பாற்றாது. அதற்கென்று தனி நிதி வைத்திருக்கும் கவுன்ட்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கின்றன, சாவி கொடுப்பதற்கு முன் கேஸ் மேனேஜரிடம் அதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் மேனேஜரே இல்லாமல் வவுச்சர் மட்டும் வந்தால்? அதுவும் நல்ல வாடகைதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னால் கூப்பிட ஆள் இருக்காது.

குடிவந்தபிறகு என்ன ஆகும் என்பதுதான் எல்லோருக்கும் பயம். என் அனுபவத்தில், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு பெரியவர், அறுபதுகளில் இருப்பவர், ஒன்பது வருஷம் வெளியே இருந்தவர். முதல் மூன்று வாரம் கட்டிலில் படுக்கவில்லை, ஹாலில் கதவுக்கு அருகே ஷூ போட்டுக்கொண்டே தூங்கினார். சத்தம் இல்லாததால் தூக்கம் வரவில்லை என்றார், ஹைவே ஓரமாகவே இருந்து பழகியவர். ரேடியோ ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் வந்த பிரச்சினை ஓனர் நினைத்த மாதிரி இல்லை. பழைய நண்பர்கள் குளிக்க வந்தார்கள், குளித்துவிட்டுத் தங்கினார்கள். அவருக்குப் போகச் சொல்ல மனம் வரவில்லை, போன மாதம்வரை சோற்றைப் பங்கிட்டவர்களிடம் எப்படிச் சொல்வது? விருந்தாளி இத்தனை நாள்தான் தங்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருப்பதை நான் வந்து உரக்கப் படித்தேன், வில்லி நானாகிவிட்டேன், அவர் நிம்மதியானார். இந்த வேலையில் பாதி இதுதான். வாடகை ஒரு மாதமும் தவறவில்லை.

வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: எல்லா வவுச்சரும் ஒன்றல்ல. 2021ல் கொரோனா நிவாரணச் சட்டத்தில் அவசர வவுச்சர் என்று 70,000 கொடுத்தார்கள். 2030 வரை ஓடும் என்று இருந்த பணம், வாடகை ஏறிய வேகத்தில் 2026லேயே தீர்ந்துவிடும் என்று 2025 மார்ச்சில் மத்திய அரசின் வீட்டு வசதித் துறை கடிதம் போட்டுவிட்டது. என்னிடம் அந்த வகையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். வழக்கமான செக்‌ஷன் 8க்கு அவர்களை மாற்ற மனுப் போட்டபடி இருக்கிறேன். எனவே ஆள் வந்தால் எந்த வகை என்று முதலில் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

என் மதிப்பெண்: சாவி கையில் வந்தபிறகு ஐந்துக்கு ஐந்து. சாவி வரும்வரை ஐந்துக்கு ஒன்றரை, அதில் அந்த அரை அத்தாரிட்டியில் என் போனை எடுக்கும் ஒரே ஒரு அம்மாவுக்காக.

பிரீமான்ட்காரர் நேற்று கூப்பிட்டார். பின்பக்க வீட்டில் ஸ்மோக் அலாரம் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடுக்குத் தனியாக வாங்க வேண்டுமா, இரண்டும் சேர்ந்தது போதுமா என்று கேட்டார். சேர்ந்ததே போதும் என்றேன். வேறு யாரிடமாவது காலி வீடு இருந்தால் சொல்லுங்கள். தரைத்தளமாக இருந்தால் நல்லது, என்னிடம் இப்போது இருப்பவருக்கு முழங்கால் சரியில்லை, கூட ஒரு வயதான நாயும் உண்டு, குரைக்காது. முப்பத்திரண்டு நாள் இருக்கிறது.