18 மாதம் பாட்டு கேட்டும் பிடிபடாத ஒரு 'ட்'

"மாமா, பாட்டு கேட்டே இங்கிலீஷ் புரியுமா? காசு கட்டலாமா?" என்று அக்கா மகன் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் போனில் அமெரிக்கர் ஒருவர் சொன்ன 'கேன்ட்' (முடியாது) என் காதில் 'கேன்' (முடியும்) என்று விழுந்து, எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் ஒரு கன்டெய்னர் லாரி அரை நாள் வீணாக நின்றது. திட்டு எனக்கு.

அவன் கேட்டது நான் 18 மாதமாகப் பழகும் இணையதளத்தைப் பற்றி. பாட்டு ஓடும்போது வரியில் விட்டுப்போன சொல்லை அடிக்கச் சொல்லும் தளம் அது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி விம்கோ நகரில் இறங்குவதற்குள் மூன்று பாட்டு முடித்துவிடுவேன்.

நல்லதை மறைக்கக் கூடாது. வெள்ளைக்காரன் வேகமாகப் பேசுகிறான் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். சொற்களை ஒட்டிப் பேசுகிறான் என்பது இதில்தான் உறைத்தது. 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' அவன் வாயில் 'வாடயா கானா டூ'. (கானா என்றதும் என் மனசு எங்கே போனது என்று கேட்காதீர்கள்.) யூடியூபில் வேகத்தை 0.75-க்கு இறக்கி, அதே வரியைப் பத்து முறை கேட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. 'வந்துகொண்டு இருக்கிறான்' எங்கள் தெருவில் 'வந்துனுகீறான்' ஆகிறதே, அதே வேலை!

எரிச்சல் மெட்டின் மேல்தான். பேச்சில் 'கேன்' பெரும்பாலும் 'கன்' என்று சுருங்கிவிடும். 'கேன்ட்' அழுத்தமாக வரும், ஆனால் அமெரிக்கர் பலர் கடைசி 'ட்'டைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்போது 'ட்'டுக்குக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். நடுவில் வரும் உயிரெழுத்தின் ஒலியைத்தான் கவனிக்க வேண்டும். பாட்டிலோ மெட்டுக்கு வேண்டுமென்று 'கேன்'னையும் இழுத்துப் பாடிவிடுகிறார்கள். 'தி', 'ஆஃப்' எல்லாம்கூட மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும். இப்படிப் பழகிய காதோடு போனை எடுத்தால் எப்படி?

பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' இலவசம், பேசியதன் எழுத்து வடிவமும் கிடைக்கும். பேச்சுக்கு அதுதான் சரி. ஆனால் அங்கே 'கான்ட்' என்று நீட்டுகிறார்கள், குழப்பத்துக்கே இடமில்லை. என் ஆள் லண்டனில் இல்லையே!

அக்கா மகனிடம் "கட்டாதடா" என்று சொல்லிவிட்டேன். என் சந்தா இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதை விடுவதாக இல்லை. இன்று காலை தண்டையார்பேட்டை வருவதற்குள் ஒரே பாட்டில் இரண்டு 'கேன்ட்', இரண்டையும் சரியாக அடித்தேன். பாட்டில் வந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை.