பச்சை, மஞ்சள், நீலம்: உங்கள் கிற்றார் அம்புக்கு எந்த ஓவர்டிரைவ்?

ஓவர்டிரைவ் பெடல் என்பது கிற்றாருக்கும் அம்புக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்து ஒலியில் கரகரப்பைச் சேர்க்கும் சிறு பெட்டி. ஒரே மஞ்சள் பெடல் கிளிநொச்சியில் ஒருவரின் கையில் அழகாகப் பாடுகிறது. அதையே புதுக்குடியிருப்பில் வாங்கிய இன்னொருவர், காது கூசுகிறது என்று சில வாரங்களிலேயே விற்கப் பார்க்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். இருவரின் அம்பும், அதாவது கிற்றாரின் ஒலியைப் பெருக்கித் தரும் அம்ப்ளிஃபயர் பெட்டியும், வேறு வேறு. கிற்றார் பழகும் பிள்ளைகள் பெடலுக்குக் காசு சேர்க்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை டியூப் அம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது) வைத்திருப்பவர்களுக்கானவை. மார்ஷல் போன்ற ஓர் அம்பில் சத்தத்தைக் கூட்டினால் அதன் டியூப்களே கரகரக்கத் தொடங்கும். அதன் முன்னால் ஒரு பெடலை வைத்து, டிரைவ் (கரகரப்பின் அளவு) குமிழைக் குறைத்து லெவல் (வெளிவரும் சத்தம்) குமிழை ஏற்றினால், பெடல் அம்பைத் தள்ளிக்கொடுக்கும் வேலையை மட்டும் செய்யும். கரகரப்பின் பெரும்பகுதி அம்பிலிருந்தே வரும். வன்னியில் ஆலயப் பாடகர் குழுக்களிலும் திருவிழா இசைக்குழுக்களிலும் நான் காண்பவை அநேகமாக டியூப் இல்லாத டிரான்சிஸ்டர் அம்புகள். 10 அல்லது 15 வாற் பயிற்சி அம்பாக இருக்கும். இல்லாவிட்டால் கீபோர்டுக்கும் கிற்றாருக்கும் பொதுவாக வாங்கியதாக இருக்கும். அவற்றை எவ்வளவு தள்ளினாலும் டியூப் தரும் இனிமை வராது. எல்லை தாண்டியதும் வெட்டுப்பட்ட, வறண்ட ஒலிதான் கிடைக்கும். ஆகவே கரகரப்பு முழுவதையும் பெடலே உருவாக்கித் தர வேண்டும். இப்படிப் பார்க்கத் தொடங்கினால் பெடல்களின் தரவரிசையே மாறிவிடுகிறது.

மூன்று பெடல்களையும் அவற்றின் பெட்டி நிறத்தால் அழைக்கிறேன். முதலில் பச்சை. ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர், 1970களின் இறுதியில் டிஎஸ் 808 ஆக வந்து, 1982இல் டிஎஸ் 9 ஆனது. இதன் சூட்சுமம் ஓர் எண்ணில் இருக்கிறது: 720 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 720 அதிர்வுகள்). அதற்குக் கீழே போகப் போக, கரகரப்பை உண்டாக்கும் பகுதியின் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். மேலே டோன் பகுதி ட்ரெபிள் என்னும் கூரிய மேலொலியைத் தணிக்கும். எஞ்சுவது நடுப்பகுதியின் மேடு. கிற்றாரின் தடித்த தந்தி திறந்த நிலையில் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தக் கனம் கரகரப்புக்குள் சிக்காமல் கிட்டத்தட்டத் தெளிவாகவே கடந்துவிடுகிறது. வீட்டில் தனியாக வாசித்தால் ஒலி மெலிந்துவிட்டது என்று தோன்றும். மேடையில்தான் இதன் அருமை தெரியும். பேஸ் கிற்றார், கீபோர்ட், ஒக்டபாட் (மின்னணுத் தாள வாத்தியம்) மூன்றும் கீழ்ப்பகுதியை நிரப்பி நிற்கும்போது, கிற்றார் அவற்றோடு முட்டாமல் நடுவே தனியாகக் கேட்கும்.

ஃபென்டர் வகை அம்புகளுக்கு இது நன்றாகப் பொருந்தக் காரணமும் அதுவே. அவற்றின் டோன் சுற்று இயல்பிலேயே நடுப்பகுதியைப் பள்ளமாக்குகிறது. பெடலின் மேடு அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. ஆறரை அங்குல ஸ்பீக்கர் கொண்ட சிறு பெட்டியில் கதை வேறு. அங்கே நடுப்பகுதி ஏற்கெனவே துருத்திக்கொண்டிருக்கும். அதன் மேல் பச்சையை வைத்தால் மூக்கொலிதான் வரும். 808க்கும் 9க்கும் சுற்றில் உள்ள முக்கிய வேறுபாடு வெளியேறும் இடத்தில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்களின் (மின்தடைகளின்) மதிப்பு மட்டுமே. அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மஞ்சள், பொஸ் நிறுவனத்தின் எஸ்டி 1. 1981இல் வந்தது, இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. சுற்று பச்சைக்கு நெருங்கிய உறவு. பேஸ் என்னும் கீழொலியை வெட்டுவதும் அதே வழியில்தான். வேறுபாடு, ஒலியலையின் உச்சியை வெட்டும் டயோட் என்னும் சிறு பாகங்களில்: பச்சையில் ஒரு திசைக்கு ஒன்று என இரண்டு, மஞ்சளில் ஒரு திசைக்கு இரண்டு, மறுதிசைக்கு ஒன்று. அதனால் ஒலியலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே அளவில் வெட்டப்படுவதில்லை. விரலின் அழுத்தம் இதில் சற்றுக் கூடுதலாக வெளியே தெரிகிறது என்பது என் காதின் தீர்ப்பு. விலையும் பச்சையைவிடக் குறைவு. டிரான்சிஸ்டர் அம்ப் ஒன்றும் சாதாரண கிற்றாரும் வைத்துக்கொண்டு இசைக்குழுவில் சேரப்போகும் ஒருவருக்கு, முதல் பெடலாக இதைத்தான் நான் சொல்வேன்.

ஆனால் இதன் ட்ரெபிள் கூர்மையானது. தொடக்கத்தில் சொன்ன காதுக் கூச்சம் அங்கிருந்துதான் வருகிறது. குமிழைக் கடிகார முள்ளாக நினைத்து, அம்பின் ட்ரெபிளைப் பத்து மணி நிலைக்கு இறக்கி, மிட் (நடுப்பகுதி) குமிழை இரண்டு மணிக்கு ஏற்றி, பெடலின் டோனைப் பாதிக்குக் கீழே வையுங்கள். டிரைவ் பத்து மணியில் போதும். லெவலை, பெடலை மிதித்ததும் ஒலி சற்றே முன்னுக்கு வரும் அளவில் நிறுத்துங்கள். பின்பு கிற்றாரின் வொல்யூமை ஏழுக்குக் குறைத்து ஒரு கோர்ட் அடித்துப் பாருங்கள். தந்திகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் டிரைவ் இன்னும் அதிகம்.

நீலம், அதே பொஸ்ஸின் பிடி 2 புளூஸ் டிரைவர், 1995. இது வேறு குணம் கொண்டது. பேஸை வெட்டாது, நடுப்பகுதியை உயர்த்தாது, கிற்றாரின் முழு வீச்சையும் எடுத்துக்கொண்டு மேலே ஒரு மினுக்கத்தையும் சேர்க்கும். மென்மையாக வாசித்தால் தெளிவு, அழுத்தினால் கரகரப்பு. ஒரே கிற்றாரும் ஒரு கீபோர்டும் மட்டும் பாடலைத் தாங்கும் சிறு தேவாலயங்களில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. முல்லைத்தீவுக் கரையோரத் தேவாலயம் ஒன்றில், குரல்கள் தாழும் இடத்தில் கிற்றாரின் வொல்யூமைச் சிறுவிரலால் குறைத்து, பல்லவி திரும்பும்போது மெல்லத் திறந்த ஒரு தம்பியைப் பார்த்தேன். பாடல் முடியும்வரை காலால் எதையும் மிதிக்கவில்லை. அந்த வாசிப்புக்கு ஏற்ற பெடல் நீலம்தான்.

முழு இசைக்குழுவில் நீலம் தடுமாறும். பேஸ் கிற்றாரோடு கீழே மோதும், மேலே சிம்பலோடு மோதும். டிரைவுக்கு ஒப்பான கெய்ன் குமிழைக் கடைசிவரை திருகினால் ஒலி உதிரியாகிக் குழம்பும். ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120 போன்ற மிகத் தெளிவான, பளிச்சென்ற அம்பில் நீலத்தை வைத்தால் மினுக்கம் இரட்டிப்பாகிவிடும். அங்கே எனக்குப் பச்சையே மேல். வொக்ஸ் வகை அம்பின் மணி போன்ற ஒலிக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

கறுப்பு நிற ரேட் பெடலையும் சிலர் கேட்கிறார்கள். 1978இல் வந்த புகழ்பெற்ற கருவி. அது ஓவர்டிரைவைத் தாண்டி டிஸ்டோர்ஷன் என்னும் இன்னும் கடுமையான கரகரப்பின் பக்கம் நிற்பது. ராக் வாசிப்பவர் வாங்கட்டும். அதன் ஃபில்டர் குமிழை வலப்புறம் திருப்பினால் ட்ரெபிள் குறையும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். பொஸ் கட்டானா அம்ப் வைத்திருப்பவர் உடனே எதையும் வாங்க வேண்டாம். பச்சையையும் நீலத்தையும் ஒத்த ஒலிகள் அதன் பெரும்பாலான மாதிரிகளுக்குள்ளேயே இருக்கின்றன.

நம் ஊர் மேடைகளில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆலயங்களின் வைகாசிப் பொங்கல் காலத்து நிகழ்ச்சிகளில் அம்பே இருக்காது. பெடலிலிருந்து வரும் வயரை ஒலிபெருக்கிக்காரர் ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் நேரே செருகிவிடுவார். கிற்றார் அம்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேலே உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மேடைப் பெட்டிகளோ அனைத்தையும் வெளியே விடும். பச்சையானாலும் நீலமானாலும் அங்கே கிடைப்பது இரைச்சல்தான். அப்படி வாசிப்பவர் இரண்டாவது ஓவர்டிரைவுக்குச் செலவிடும் காசை, ஸ்பீக்கரின் ஒலியைப் போலி செய்யும் ஒரு சிறு பெட்டிக்குக் கொடுப்பதே நல்லது. அது இல்லாத நாளில் டோனை முழுவதும் இறக்கி, மிக்சரில் ட்ரெபிளையும் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். இதிலும் நீலத்தைவிடப் பச்சை அடங்கி ஒலிக்கும்.

ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் ஹம் சத்தமும் சேர்ந்துகொள்ளும். கெய்ன் ஏற ஏற அதுவும் பெருகும். ஒரே பெடல் என்றால் 9 வோல்ற் பற்றரியில் ஓட்டுவது அந்தத் தொல்லையைக் குறைக்க உதவும். இடைவேளையில் இன்புட் வயரைக் கழற்றி வையுங்கள். செருகியிருக்கும்வரை பற்றரி கரைந்துகொண்டே இருக்கும்.

கனடாவிலிருந்து உறவினர் பெடலோ அம்போ அனுப்பினால், மின்சாரத்தில் செருகுமுன் அடப்டரின் முதுகைப் படியுங்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230. 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். 120 மட்டும் என்றால் அந்த அடப்டரை ஒதுக்கிவிட்டு, நடுமுனை மறையாக (−) உள்ள 9 வோல்ற் அடப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அம்பாக இருந்தால், அதன் வாற் அளவைத் தாங்கும் மின்னழுத்தக் குறைப்பு டிரான்ஸ்போமர் வாங்கும்வரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.