நேர்முகத்துக்குக் கைகொடுத்த புதன்கிழமை ஸ்லைடுகள்
அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கால்நடை நோய்க்குறியியல் ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) விண்ணப்பித்தபோது எனக்கு உதவியது, அமெரிக்க ராணுவத் துறையின் நோய்க்குறியியல் மையமான ஜாயின்ட் பெத்தாலஜி சென்டரின் 'வெட்னஸ்டே ஸ்லைட் கான்பரன்ஸ்', அதாவது விலங்குகளின் திசு ஸ்லைடுகளைப் பார்த்து நோயைக் கண்டறியப் பழகும் அமர்வு. அமர்வுக்கு 4 கேஸ், காசு கிடையாது. விடையைப் பார்க்காமல் ஸ்லைடை மட்டும் திறந்து, கண்ணில் பட்டதை நாலு வரி எழுதிவிட்டு அப்புறம்தான் ஒப்பிடுவேன். மாட்டின் சிறுமூளை ஒன்றில், பர்கின்ஜி செல் என்ற பெரிய நரம்பு செல்லுக்குள் இளஞ்சிவப்பு உருண்டையாகக் கிடந்த நெக்ரி பாடியை மூன்று முறை தாண்டிப் போனேன். அது வெறிநோயின் அடையாளம் என்று விடையில் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். பணம் கட்டிச் சேர்ந்த ஓர் ஆன்லைன் வகுப்பு (பெயர் வேண்டாம்) விண்ணப்பக் கடிதத்துக்கு மாதிரி கொடுத்ததோடு சரி. நேர்முகத்தில் ஸ்லைடைக் காட்டி, "நோயின் பெயர் அப்புறம், பார்ப்பதைச் சொல்லுங்கள்" என்றார்கள். சொன்னேன்.