சிம்மக்கல் தெர்மாகோல் பட்டறையில் செய்த எச்.ஐ.வி. மாடல்: வாங்கலாமா?

கண்காட்சி மாடல் விற்கும் கடைக்குப் போனால் இதயம், எரிமலை, சொட்டுநீர்ப் பாசனம் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும். வைரஸ் கேட்டால் முள் குத்திய பந்து ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். கொரோனா சமயத்தில் செய்து மீந்த சரக்கு. எனக்கு வேண்டியது அது இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். செல்லுக்குள் நுழைந்த வைரஸ், அங்கே ஏற்கெனவே இருக்கும் நம் புரதங்களையே பயன்படுத்தி நம் காவலை எப்படி ஏய்க்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குப் பாகங்களைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டி வைத்த மாடலில் பிள்ளைகள் கையே வைக்க முடியாது.

அதனால் மதுரை சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் இருக்கும் தெர்மாகோல் பட்டறைக்குப் போனேன். போர்டு கிடையாது. வாசலில் பாதி வெட்டிய மயில் நின்றால் அதுதான் இடம். கல்யாண மேடை, காதுகுத்துக்குப் பெயர் வெட்டுவது, கோவில் விழா அலங்காரம் என்று ஓடும் தொழில். பள்ளி மாடலும் செய்து தருகிறார், ஆனால் சொல்லிச் செய்ய வேண்டும்.

“எய்ட்ஸா டீச்சர்?” என்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். இந்தியாவில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986-இல் நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள், இன்றைக்கு மாத்திரை ஒழுங்காக எடுத்தால் நீண்ட நாள் நல்லபடியாக வாழலாம் என்று சொன்னேன். “அப்பச் சரி, செஞ்சிருவோம்” என்றார். அதற்குப் பிறகு குரல் இறங்கவில்லை. சந்தில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி எச்.ஐ.வி. என்றுதான் பேசினார்.

வேலையின் தரத்துக்கு வருகிறேன். எச்.ஐ.வி.யின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. ஒரு கூம்பு வடிவ ஓட்டுக்குள் இருக்கும். ஒரே புரதம் ஆறாறாகச் சேர்ந்து அறுகோணங்களாக அடுக்கிய ஓடு அது. படத்தைக் காட்டுவதற்குள் அவர் அறுகோணங்களை வெட்டி ஒட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். “சுருளுது, ஆனா ரெண்டு முனையும் மூட மாட்டேங்குது டீச்சர். அங்கங்க அஞ்சு மூலை வச்சாத்தான் மூடும்” என்றார். ஏதோ டோர்னமெண்ட் மேடைக்குக் கால்பந்து செய்த அனுபவமாம். உண்மையான ஓட்டிலும் அப்படித்தான்: சரியாக 12 ஐங்கோணங்கள், அகலமான முனையில் 7, குறுகிய முனையில் 5. எனக்கு அந்த இடத்திலேயே மனசு நிறைந்துவிட்டது. பாடம் படித்தவர்களே கோட்டை விடும் விஷயம் இது.

மாடலின் உயிர் அடுத்த பாகத்தில் இருக்கிறது. நம் செல்லுக்குள் டிரிம்-5 ஆல்ஃபா என்று ஒரு காவல் புரதம் உண்டு. உள்ளே வந்த ஓட்டின் அறுகோண அடுக்கைக் கண்டுகொண்டு, மேலே வலை மாதிரி படர்ந்து, வைரஸை முடக்கிவிடும். ரீசஸ் குரங்கிடம் இது எச்.ஐ.வி.யை நன்றாகவே தடுக்கிறது என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களிடம் ஏன் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை? நம் செல்லில் ஏராளமாக இருக்கும் சைக்ளோஃபிலின்-ஏ என்ற புரதம் வந்து ஓட்டின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மற்ற புரதங்கள் சரியாக மடிவதற்கு உதவுவதுதான் அதன் வேலை. அது எச்.ஐ.வி. ஓட்டில் ஒட்டுகிறது என்பது 1993-இலேயே தெரியும். டிரிம்-5 வந்து உட்காராமல் அது மறைக்கிறது என்று மனித டி செல்களில் (எச்.ஐ.வி. தாக்கும் வெள்ளை அணுக்கள்) காட்டியது 2019-இல்தான்.

இதை அவர் செய்த விதம்: காவல் வலைக்குக் கொசுவலைத் துணி, ஓரமெல்லாம் வெல்க்ரோ. சைக்ளோஃபிலினுக்குப் பச்சை வண்ணம் அடித்த கட்டைத் துண்டுகள், அடியில் சின்னக் காந்தம். துண்டு இல்லாத ஓட்டின் மேல் வலையைப் போட்டால் கப்பென்று பிடிக்கிறது. துண்டுகளை மாட்டிவிட்டுப் போட்டால் வழுக்கி விழுகிறது. ஓரிரு துண்டு குறைந்தால் அரைகுறையாகத் தொங்கும், அதற்கும் பிள்ளைகளிடம் கேள்வி வரும். பட்டறைப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுக் கல்யாணத்துல நம்ம பட்டு வேட்டியவே கட்டிக்கிட்டுப் பந்தியில உக்கார்ற திருடன் மாதிரில டீச்சர்” என்றான். வகுப்பில் அதை அப்படியே எடுத்து ஓட்டுகிறேன்.

கூடுதலாக நான் கேட்டு வாங்கியது ஒரு கொக்கி. தென் அமெரிக்க ஆந்தைக் குரங்கிடம், பரிணாமத்தில் எப்போதோ சைக்ளோஃபிலின் மரபணு டிரிம்-5 மரபணுவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து ஒரே புரதம். அங்கே மறைக்க வந்த துண்டே வைரஸைப் பிடித்துக் கொடுக்கிறது. பச்சைத் துண்டின் முதுகில் கொக்கியை மாட்டி வலையோடு இணைத்தால் இதைக் காட்டலாம். மாடலிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அப்படியென்றால் சைக்ளோஃபிலினை அடைக்க மருந்து கொடுத்தால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். மருந்து இருக்கிறது, சைக்ளோஸ்போரின். சிறுநீரக மாற்று செய்தவர்களுக்குக் கொடுப்பது. ஆனால் அது எதிர்ப்புச் சக்தியையே அடக்கும் மருந்து, எச்.ஐ.வி. நோயாளிக்கு அதை எப்படிக் கொடுப்பது? ஓட்டையே நேராகத் தாக்கும் லெனகாபாவிர் வேறு வழி. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி.

இரண்டாவது பலகை சுமார்தான். வைரஸின் விஃப் என்ற புரதம், நம் செல்லின் குப்பை அகற்றும் ஏற்பாட்டைச் சேர்ந்த கல்லின்-5 முதலான புரதங்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, நம் காவல் புரதமான ஏபோபெக்-3ஜி-க்குக் குப்பை முத்திரை குத்தி அழிக்க வைக்கிறது. கேட்டது இது. வந்தது நான்கு வண்ண உருண்டைகள். எது எதோடு சேர்கிறது என்று அச்சு அடையாளமே இல்லை. பின்வரிசையில் உட்காருபவனுக்கு ஒன்றும் தெரியாது.

குறைகள் இன்னும் உண்டு. ஒரு பக்கம் ஸ்பிரே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், தெர்மாகோல் அரித்துக் குழி குழியாகிவிட்டது. எமல்ஷன் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். கேட்காமலே வைரஸ் மேல் ஜிகினா தூவியிருந்தார்கள். பெயர்ச் சீட்டில் ‘சைக்கிள் பிலின்’ என்று அச்சாகி வந்தது, மாற்றிக் கொடுத்தார். சொன்ன தேதியும் தள்ளிப்போனது. ஆவணி முகூர்த்த நேரம், மேடை வேலைதான் அவருக்கு முதலில். அந்த மாதத்தில் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

விலை 3,800 ரூபாய், பாதி முன்பணம். மூன்றடிக்கு இரண்டடிப் பலகை இரண்டு. அரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏற்றலாம் என்று நினைக்கவே வேண்டாம், ஓரம் உடையும். குட்டியானை பிடித்தேன், அந்தச் செலவு தனி.

அடுத்து டெங்கு மாடலுக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் வைரஸின் என்.எஸ்.5 புரதம், நம்முடைய யூ.பி.ஆர்.4 புரதத்தை வைத்தே ஸ்டாட்-2 என்ற தூதுப் புரதத்தை அழித்து, வைரஸ் வந்தால் செல்கள் வெளியிடும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சொல்லும் எச்சரிக்கை போய்ச் சேராமல் செய்கிறது. இந்த முறை ஒவ்வொரு துண்டுக்கும் அளவு போட்டுப் படம் வரைந்து கொடுத்திருக்கிறேன். ஜிகினா கூடாது என்றும் எழுதியிருக்கிறேன்.