வேலூர்ப் பழம்பொருள் கடையில் ஒரு பேப் ரூத் பந்து

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில், புகழ்பெற்ற அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் பந்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு விற்பனையில் இருந்தது. சி.எம்.சி.க்கு வந்துபோன அமெரிக்க மருத்துவர் ஒருவர் விட்டுச்சென்றது என்றார் கடைக்காரர். இந்த ஊரில் அமெரிக்கப் பொருள் எது அகப்பட்டாலும் அதற்கு இந்த வரலாறுதான் சொல்லப்படும். அமெரிக்காவில் பல ஆயிரம் டாலருக்குப் போகக்கூடிய பொருள் இங்கே இவ்வளவு மலிவாகக் கிடைப்பதே முதல் சந்தேகத்தைக் கிளப்பியது.

கடைக்காரரைப் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பந்தை வெளியே எடுத்துக் கொடுத்து, உருப்பெருக்குக் கண்ணாடியோடு வெளிச்சத்தில் அரை மணி நேரம் பார்க்க அனுமதித்தார். இத்தகைய பந்தில் கையெழுத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் பந்தின் வயது தெரிய வேண்டும். ரூத் பெரும்பாலும் ஆடிய அமெரிக்கன் லீக் என்ற போட்டி அமைப்பின் பந்துகளில், அந்தந்தக் கால லீக் தலைவரின் கையெழுத்து அச்சிடப்படுவது முன்பு வழக்கமாக இருந்தது. ரூத் ஆடிய நாட்களில் பான் ஜான்சன், பர்னார்ட், ஹாரிட்ஜ் ஆகியோர் அப்பதவியில் இருந்தனர். இந்தப் பந்திலோ, மங்கிய நீல எழுத்தில் லீ மேக்ஃபெயிலின் பெயர் இருந்தது. அவர் தலைவரானது 1974இல்; ரூத் 1948 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார்.

இதற்கு மேல் பார்க்கத் தேவையில்லைதான். ஆனாலும் ராணிப்பேட்டை டேனரியில் வளர்ந்த எனக்குத் தோலைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1974 வரை இப்பந்துகளுக்குக் குதிரைத்தோல் போர்த்தினார்கள், பிறகு மாட்டுத்தோலுக்கு மாறினார்கள். என் கையில் இருந்தது மயிர்க்கால்கள் சீராக நெருங்கிய மாட்டுத்தோல். கைபட்டுத் தேய்ந்து வரும் பழுப்பு அதில் இல்லை. தையல் குழிகளில் மட்டும் கறை குளம் கட்டி நின்றது. டீ டிகாக்‌ஷனில் முக்கி உலர்த்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மைப் பேனாவால் எழுதியிருந்தால் கோட்டின் தடிமன் ஏறி இறங்கும், பால்பாயின்ட் என்றால் தோலில் பள்ளம் விழும். இங்கே இரண்டும் இல்லாமல், ஒரே தடிமனில் ஓரம் கசிந்த மார்க்கர் கோடுதான் தெரிந்தது.

என் மனக்குறை பந்தோடு வைத்திருந்த நம்பகத்தன்மைச் சான்றிதழைப் பற்றியது. கடையின் சொந்த லெட்டர்பேடில், கடைக்காரரே கையெழுத்திட்டு, விற்கும் பொருளுக்குத் தாமே சாட்சி சொல்லியிருந்தார். மற்றபடி பித்தளை விளக்குகளும் பழைய பூட்டுகளும் தரமானவை, விலையும் நியாயம். அவற்றுக்காகத் தாராளமாகப் போகலாம்.

அச்சிட்ட பெயரைச் சுட்டிக்காட்டியபோது கடைக்காரர் கோபப்படவில்லை, விலையையும் குறைக்கவில்லை. மறுவாரம் அவ்வழியே போனபோது பந்து அதே இடத்தில், மேக்ஃபெயிலின் பெயர் கண்ணில் படாதவாறு திருப்பி வைக்கப்பட்டிருந்தது.