பிரான்சா, ரஷ்யாவா: முடியாட்சி வீழ்ந்த பின் நிலம் யாரிடம் நின்றது?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் முடியாட்சிக்கு எதிரான புரட்சி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஆண்டு முழுவதும் ஆழமாகப் படிப்பது என்று முடிவானபோது, 1789ஆம் ஆண்டின் பிரான்சா, 1917ஆம் ஆண்டின் ரஷ்யாவா என்பதில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. தேர்வு என்னிடம் விடப்பட்டது. நான் பிரான்சை எடுத்தேன். அதன் காரணத்தை விளக்கவே இந்த ஒப்பீடு.

புரட்சி மூண்ட காரணங்களில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. போர்ச் செலவு, ரொட்டித் தட்டுப்பாடு, காலம் கடந்தும் விட்டுக்கொடுக்க மறுத்த அரசவை ஆகியவை இரு நாடுகளிலும் இருந்தன. அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதால் பெருகிய கடன், பிரெஞ்சு அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழப் பாதியை விழுங்கியது. 1614க்குப் பிறகு கூட்டப்படாத ஸ்டேட்ஸ் ஜெனரலை, அதாவது குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் அடங்கிய சபையை, 1789 மே மாதத்தில் வெர்சாயில் கூட்டுவதைத் தவிரப் பதினாறாம் லூயிக்கு வேறு வழி இருக்கவில்லை. ரஷ்யாவிலோ, அப்போதைய தலைநகரான பெத்ரோகிராதில் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கியதிலிருந்து ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறந்தது வரை ஒரு வாரமே ஆனது. படை கைவிட்டால் அரியணை எவ்வளவு விரைவில் சரியும் என்பதை அறிய விரும்புவோர் தயங்காமல் ரஷ்யாவையே எடுக்கலாம்.

விளைவு என்று வரும்போது நான் முதன்மையாகப் பார்ப்பது, உழுதவர் கையில் நிலம் நிலைத்ததா என்பதைத்தான்.

பிரெஞ்சு உழவர்களில் பலருக்கு 1789க்கு முன்பே சொந்த நிலம் இருந்தது. அவர்களை நசுக்கியவை அந்நிலத்தின்மேல் ஏறியிருந்த வரிகளும் பிரபுக்களின் பாத்தியதைகளும். அறுவடையின்போது திருச்சபைக்குரிய தசமபாகக் கதிர்க்கட்டுகளை வயலிலேயே ஒதுக்கிய பிறகுதான் மீதியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியும். பல ஊர்களில் பிரபுவின் ஆலையில்தான் மாவரைக்க வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு. ஆகவேதான் 1789 ஜூலையில் மாளிகைகளுக்குள் புகுந்த கிராமத்தார், இந்தக் கடமைகள் எழுதப்பட்டிருந்த பதிவேடுகளைத் தேடியெடுத்து எரித்தனர். ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவில், ஸ்டேட்ஸ் ஜெனரலிலிருந்து உருவான தேசிய சபை நிலமானிய உரிமைகளை ஒழிப்பதாக அறிவித்தாலும், அவற்றில் பலவற்றுக்கு உழவர்கள் ஈட்டுத்தொகை செலுத்த வேண்டும் என்றது. உழவர்கள் பெரும்பாலும் செலுத்த மறுத்தனர். இறுதியில் 1793 ஜூலை 17ஆம் நாள் சட்டம் எஞ்சியவற்றை ஈடின்றியே நீக்கி, அவற்றுக்கான பத்திரங்களை எரிக்கவும் ஆணையிட்டது.

குறைகளும் உண்டு. திருச்சபையிடமிருந்து பறிமுதலான நிலங்கள் ஏலத்துக்கு வந்தபோது பெரும்பங்கு நகரத்துப் பணக்காரர்களுக்கும் வசதியுள்ள உழவர்களுக்குமே போயிற்று. நிலமற்ற கூலிகளுக்குக் கிடைத்தது சொற்பம். மேற்குப் பிரான்சின் வாந்தே பகுதியில் புரட்சி அரசுக்கு எதிராக மூண்ட உள்நாட்டுப் போரிலும், எதிரிகள் எனப்பட்டோரைப் புரட்சி அரசு கொன்று குவித்த பயங்கர ஆட்சியிலும் மடிந்தவர்களை மறந்துவிட்டு இந்தப் புரட்சியைப் புகழ எனக்கு மனம் வராது.

ஆயினும் 1814இல் மன்னராட்சி திரும்பியபோது நடந்ததைக் கவனிக்க வேண்டும். பதினெட்டாம் லூயி வழங்கிய சாசனத்தின் 9ஆம் பிரிவு, புரட்சிக் காலத்தில் பறிமுதலாகி விற்கப்பட்ட ‘தேசிய நிலங்கள்’ உட்பட எல்லாச் சொத்துகளும் மீற முடியாதவை என்று உறுதியளித்தது. நாட்டைவிட்டு ஓடி நிலமிழந்த பிரபுக்களுக்கு 1825ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கடன்பத்திரங்களாக இழப்பீடு வழங்கியதேயன்றி, வாங்கியவர்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கவில்லை. புரட்சியில் கொல்லப்பட்ட பதினாறாம் லூயியின் தம்பிகளே அடுத்தடுத்து அரியணையில் அமர்ந்தும் இந்த மாற்றத்தை அவர்களால் அசைக்க முடியவில்லை. என் தேர்வை முடிவு செய்தது இதுதான்.

ரஷ்யாவில் ஜார் ஆட்சி திரும்பவே இல்லை. ஆனால் நிலம் உழவரிடம் நிற்கவில்லை. போல்ஷெவிக் கட்சியினர் ஆட்சியைப் பிடித்த 1917 அக்டோபர் புரட்சியின் மறுநாளே வந்த நில ஆணையின்படி பிரபுக்களின் நிலங்களைக் கிராமச் சமூகங்கள் பங்கிட்டுக்கொண்டன. பிரான்சின் ஏலத்தைவிட இது ஏழைகளுக்கு நியாயமான பங்கீடு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதே ஆணை நிலத்தில் தனியுடைமையை ஒழித்திருந்தது; உழவருக்குக் கிடைத்தது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. 1929 முதல் அரசு கூட்டுப் பண்ணைகளைத் திணித்தபோது, கைகாட்டித் தடுக்க அவர்களிடம் பட்டா ஏதும் இருக்கவில்லை. தானியக் கொள்முதல் கட்டாயமாக்கப்பட்டதைத் தொடர்ந்து 1932, 1933ஆம் ஆண்டுகளில் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் வோல்கா பகுதியிலும் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். இது 1917இன் விளைவா, ஸ்டாலின் எடுத்த முடிவின் விளைவா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு என் ரஷ்ய வாசிப்பு ஆழமானதன்று. இரண்டிலும் பங்குண்டு என்ற பக்கமே சாய்கிறேன்.

ரஷ்யாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் 1917இல் தொடங்காமல் 1861இலிருந்து தொடங்குவது நல்லது. பண்ணையடிமை முறையிலிருந்து விடுவிக்கப்பட்ட உழவர்கள், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு 49 ஆண்டுகள் மீட்புத்தொகை செலுத்த வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகுதான் அரசு அதைக் கைவிட்டது. 1917இல் கிராமங்கள் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் நிலத்தைப் பங்கிடத் துணிந்தது ஏன் என்பது அந்தப் பின்னணியில்தான் விளங்கும்.